ஃபாயிஸ் நானா பார்க்காத அடையாள அட்டை

அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன், வடைத் தட்டுக்கும் பிளேன்டீக்கும் நடுவில். ஃபாயிஸ் நானா அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு விரலால் என் பக்கமாகவே தள்ளிவிட்டார்.

“உள்ளுக்கு வைங்க தங்கச்சி.”

“பாருங்கோ நானா. அதுக்குத்தானே வந்தனீங்கள்?”

“வைங்க எண்டு சொல்றேன்.”

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி ஓரமாக இருந்த சைவக் கடை அது. மதியம் தாண்டிய நேரம். மின்விசிறி கறகறவென்று சத்தம் போட்டதே தவிரக் காற்று வரவில்லை. மேசைத் துணியில் யாரோ சிந்திய ரசம் இன்னும் காயவில்லை.

கடைக்கு எதிரே சோதனைச்சாவடி. நான் வீதியைக் கடப்பதற்குள் அங்கே மறித்துவிட்டார்கள். ஆமிக்காரப் பெண் ஒருத்தி பையைக் கொட்டச் சொன்னாள். குடை, சாப்பாட்டுப் பெட்டி, கைலேஞ்சி, ஒரு சீடி. சீடியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டாள். தமிழ் விசைப்பலகை இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. “கொம்பியூட்டர் வெட”, கணினி வேலை, என்றேன். பிறகு அட்டையை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், யாழ்ப்பாணம் என்றிருந்த பிறந்த இடத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். வீதியில் போகிற சனமெல்லாம் பார்க்க, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புட்டைக் காட்டினேன்.

இதையெல்லாம் ஃபாயிஸ் நானா கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“நானும் கேட்டுப் பாத்தா, அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் தங்கச்சி?” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. சட்னி உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

சாப்பாட்டுப் பார்சல்

போன வாரம் இந்தப் பத்தியில் லினக்ஸ் என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு விளக்காமல் போய்விட்டேனாம். சின்னம்மாவே ஏசிவிட்டார். “நீ எழுதுறது உனக்கு மட்டும் விளங்கினாக் காணுமோ?” என்று கேட்டார். நியாயம்தான்.

கணினியை இயக்குவதற்கு எல்லோரும் காசு கொடுத்து வாங்குகிற அல்லது களவாகப் பிரதியெடுக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. லினக்ஸ் அப்படியல்ல. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி இலவசமாகக் கொடுப்பது. அப்படி எழுதப்பட்ட ஆயிரம் சாமான்களையும் ஒழுங்காகக் கட்டி, ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல் பார்த்து, சீடிகளில் போட்டு வெளியிடுகிற குழுக்கள் இருக்கின்றன. அப்படி ஒரு குழுவுக்கு நான் பொதி கட்டினேன். சம்பளம் கிடையாது.

பொதி கட்டுவது சாப்பாட்டுப் பார்சல் கட்டுவது மாதிரி. சோறு எங்கே, குழம்பு எங்கே என்று முறை இருக்கிறது. மாறி வைத்தால் பக்கத்துப் பார்சலிலும் ஒழுகும்.

நான் கட்டியது ஒரே ஒரு சின்னச் சாமான். தட்டச்சு மெஷினில் பழகிய அதே ஒழுங்கில் தமிழ் அடிக்கிற விசைப்பலகை. நானே எழுதியது. கம்பனியில் பகல் முழுக்க யாருடையவோ கணக்கு மென்பொருளைத் திருத்திவிட்டு, மிச்ச நேரத்தில் அதைத்தான் மினுக்கிக்கொண்டிருந்தேன்.

அதை யாருக்காக எழுதினேன் என்றால், கொட்டாஞ்சேனை டொரத்தி ரீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காக. ரீச்சர் ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் தன் வீட்டு முன்னறையில் பழைய கணினிகளை வரிசையாக வைத்திருந்தார். மலையகத்திலிருந்து வந்து கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பெண் பிள்ளைகள் தேவாலயப் பூசை முடிந்தும் சைவக் கோயில் கும்பிட்டு முடிந்தும் அங்கே வருவார்கள். தமிழ் அடிக்கத் தெரிந்தால் அச்சகத்திலோ, ஃபோன், ஃபோட்டோகொப்பி, தட்டச்சு எல்லாம் செய்து கொடுக்கிற கொமியூனிகேஷன் கடையிலோ உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும். ரீச்சரின் கணக்கு அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகளில் கெட்டிக்காரி மகேஸ்வரி. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றாள். வெங்காயம் மணக்கிற விரலால் அவள் அடிக்கிற வேகத்துக்கு என் நிரலே மூச்சு வாங்கியது.

“இவளை ஒரு கதிரையில உக்கார வச்சிட்டுத்தான் பிள்ளை நான் கண்ண மூடுவேன்” என்பார் ரீச்சர்.

“கதிரையிலதானே டீச்சர் ஒக்காந்திருக்கேன்” என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அங்கே இணையம் கிடையாது. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் அட்டனிலும் இப்படியான இடங்கள் எதிலும் கிடையாது. சீடியில் இருந்தால் இருக்கு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் என் பொதி ஒவ்வொரு வெளியீட்டிலும் சீடிக்குள் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே பிடிவாதம் அதுதான்.

பல்ப் கடையில் ஒரு அதிகாரி

பொதியை அனுப்ப எனக்கு உரிமை இல்லை. குழுவின் உறுப்பினர் ஒருவர்தான் அனுப்பலாம். எனக்காக அனுப்பியவர் ஃபாயிஸ் நானா.

அவரை முதலில் சந்தித்தது மின்னஞ்சல் சண்டையில். என் பொதியில் பிழை என்று ஒருவர் இங்கிலீஷில் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார். விவரணத்தின் முதல் வரி இப்படி இருக்கக்கூடாது, உரிமக் கோப்பில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது, கையேட்டுப் பக்கம் எங்கே. ஜெர்மனியில் ஜன்னலோரம் கோப்பி குடித்துக்கொண்டு ஏவுகிற ஒரு வெள்ளைக்காரர் என்றே நினைத்திருந்தேன். கொதித்துப்போய், “உங்களுக்கென்ன, இங்கே மின்சாரம் போய்ப் போய் வருகிறது” என்று எழுதினேன்.

“இங்கேயும்தான். நீங்கள் எந்த இடம்?” என்று பதில் வந்தது.

அவர் புறக்கோட்டையில் இருந்தார். வாப்பாவின் மின்சாரச் சாமான் கடை. பல்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு கணினி. ஒரு கையால் வாடிக்கையாளருக்கு வயர் அளந்துகொண்டே மறு கையால் என் பொதியைத் திருப்பி அனுப்புவார். என்னைவிட நாலைந்து வயது கூட. வீடு கிராண்ட்பாஸில். பிறகு கடைக்கே நேரில் போய்ச் சண்டை பிடிக்கத் தொடங்கினேன்.

பொதிகளைச் சோதிக்க ஒரு செக்கர் இருந்தது. குழுவின் விதிகளை மனப்பாடம் செய்த ஒரு மென்பொருள். பொதியைக் கொடுத்தால் பிழைகளை வரிசையாகக் கொட்டும். முதல் தடவை திரை நிரம்பி வழிந்தது. ஃபாயிஸ் நானா ஒன்றையும் விடமாட்டார்.

“இது வெறும் எச்சரிக்கைதானே நானா, பிழை இல்லையே. விடுங்கோவன்.”

“எச்சரிக்கையும் ஈக்கப்படாது.”

“உங்களோட மனிசர் குடும்பம் நடத்தேலாது.”

“அதுதான் இன்னம் கலியாணம் முடிக்கல்ல” என்பார், வயரை வெட்டிக்கொண்டே.

செக்கரில் எனக்குப் பிடித்த விசயம், அது என்ன பிழை என்று சொல்லும். எந்தக் கோப்பு, எந்த வரி என்று காட்டும். திருத்திக் கொடுத்தால் பேசாமல் விட்டுவிடும். காலி வீதியில் என்னை மறித்தவர்கள் யாரும் என்னில் என்ன பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் வீடுகளில் மழைக்காலத்திலும் குடை எடுத்தாயா என்று கேட்கமாட்டார்கள். ஐசி எடுத்தியா என்று அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். அம்மா என் சட்டைகள் எல்லாவற்றிலும் உள்பக்கமாக ஒரு சின்னப் பை தைத்துவிட்டிருந்தார். கலியாண வீட்டுக்குப் போகிற சேலைச் சட்டையிலும் இருந்தது. அந்த இடத்தில் எப்போதும் வேர்க்கும்.

சாட்சி

சமாதானம் என்ற சொல் பத்திரிகைகளில் மெல்ல மெல்லச் சின்ன எழுத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. ஃபாயிஸ் நானாவுக்குக் கட்டாரில் ஒரு வேலை சரிவந்தது. கட்டட வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பு. தங்குவது முகாமில். கணினி, இணையம் ஒன்றும் கைக்கு எட்டாது என்று சொல்லியிருந்தார்கள்.

“நான் போனா ஒங்கட பொதிய அனுப்ப ஆளில்ல. நீங்களே உறுப்பினராகுங்க” என்றார்.

அதற்கு ஒரு விதி இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு டிஜிட்டல் சாவி உண்டு. அனுப்புவதையெல்லாம் அதால் ஒப்பமிட வேண்டும். அந்தச் சாவி உண்மையில் என்னுடையதுதான் என்று, ஏற்கெனவே உறுப்பினரான ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். நேரில் சந்தித்து, படம் உள்ள அரச அடையாள அட்டையைப் பார்த்து, பெயர் சரியா என்று ஒப்பிட்ட பிறகுதான் சொல்லலாம். நான் அறிய அப்போது இலங்கையில் அப்படிச் சாட்சி சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.

அதற்காகத்தான் அந்தச் சைவக் கடை. அதற்காகத்தான் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் அட்டை. அவர் பார்க்காமலே வீட்டுக்குப் போய், இது ரமணியின் சாவிதான் என்று என் பெயருக்கு ஒப்பமிட்டுவிட்டார்.

ஒரு கிழமை கழித்து, விண்ணப்பங்களைப் பார்க்கிற ஒரு பெண்மணி ஐரோப்பாவிலிருந்து அவருக்கு எழுதினார். வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். சந்தித்தீர்களா? அட்டையைப் பார்த்தீர்களா? ஃபாயிஸ் நானா பதில் போட்டார். சந்தித்தேன். அட்டையைப் பார்க்கவில்லை. ஆளைப் பல காலமாகத் தெரியும்.

சாட்சி செல்லாது என்று வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இன்னொரு தரம் சந்தித்து, அட்டையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று.

நான் கடைக்கு ஃபோன் எடுத்துக் கத்தினேன்.

“ஏன் நானா அப்பிடி எழுதினனீங்கள்? ஓம் எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தா அலுவல் முடிஞ்சுது!”

“பாக்கல்ல தானே தங்கச்சி.”

“அப்ப அண்டைக்குப் பாத்திருக்கலாமே!”

“அண்டைக்கு எப்பிடிப் பாக்கிற? நீங்களே சொல்லுங்க.”

 அந்த ஐரோப்பியப் பெண்மணியை மனதுக்குள் கிழிகிழி என்று கிழித்தேன். அவருடைய ஊரில் அட்டை என்பது நூலகத்தில் புத்தகம் எடுக்கக் காட்டுகிற சாமான், அவருக்கு என்ன தெரியும் என்று. இன்று அப்படி நினைக்கவில்லை. நான் அனுப்புகிற பொதி முகம் தெரியாத எத்தனையோ பேருடைய கணினிக்குள் போகும். யார் அனுப்பினார்கள் என்று அவர் கேட்டது சரி. அட்டையைப் பார்க்க மனம் வராத ஃபாயிஸ் நானாவும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் மாட்டினது நான்தான்.

“வெள்ளிக்கிழமை ராவைக்கு ஃபிளைட். ஜும்ஆ தொழுகை முடிய வாறேன். அட்டைய எடுத்து வைங்க” என்றார்.

படம் இல்லாத துண்டு

வியாழக்கிழமை விடிய எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாக வந்து எல்லோருடைய அட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பொலிசுக்கு வந்து எடுக்கலாம் என்றார்கள். பின்னேரம் போனோம். அம்மாவின் அட்டை கிடைத்தது. என்னுடையது கிடைக்கவில்லை. கிருலப்பனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறிய பிறகு என் பொலிஸ் பதிவு மட்டும் பழைய விலாசத்திலேயே கிடந்திருக்கிறது. விசாரிக்க வேண்டும், திங்கட்கிழமை வா என்று, அட்டை தங்களிடம் இருப்பதாக ஒரு துண்டு எழுதித் தந்தார்கள்.

பாஸ்போர்ட் அப்போது நான் எடுத்திருக்கவில்லை. படம் உள்ள வேறு எதுவும் என்னிடம் இல்லை.

ஃபாயிஸ் நானா சொன்னபடி வந்தார். புதுச் சேர்ட், புதுச் சப்பாத்து. வாசலில் ஓட்டோ நின்றது, உள்ளே அவருடைய தம்பி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். நான் துண்டைக் கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் வாசித்தார்.

“இதில படம் இல்லியே” என்றார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, நான் பெத்தனான் சொல்லுறன், இது ரமணிதான்.”

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அம்மாவும் தான் சொன்னதை நினைத்துச் சிரித்தார்.  வெளியே ஓட்டோக்காரர் ஹோன் அடித்தார்.

ஃபாயிஸ் நானா துண்டை மடித்து என் கையில் தந்தார். “நான் பாத்தேன் எண்டு எழுதிடுறேன் தங்கச்சி. போற வழியில கடையில ஏறி எழுதிட்டுப் போறேன். அல்லா மன்னிப்பான்.”

ஒரு எச்சரிக்கையைக்கூட விடாத மனுசன். அவர் வாயாலேயே அதைச் சொன்னார்.

“வேண்டாம் நானா” என்றேன்.

“யோசிச்சு சொல்லுங்க.”

“வேண்டாம். வேற வழி பாப்பம்.”

அவர் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. வரக்கூடாது என்று அவர் எவ்வளவு முயன்றும் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும், நான் செய்தது பெரிய காரியம் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் போகும்வரை வாசலில் நின்று கை காட்டினேன்.

இன்றைக்கு அந்த வாசலில் நின்றால் ஓம் என்றுதான் சொல்லுவேன். எழுதுங்கோ நானா, பாவத்தில் பாதி எனக்கு என்று சொல்லுவேன். அன்று எனக்கு அவருடைய நேர்மை தெரிந்தது, என்னுடைய ரோசம் தெரிந்தது. மகேஸ்வரி என் நினைவிலேயே வரவில்லை.

திங்கட்கிழமை அட்டை கிடைத்தது. கவுண்டரில் இருந்த பொலிஸ்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிங்களத்தில் ‘ஹரி’, சரி, என்று நீட்டினார். அவருக்கு அரை நிமிடம்கூடச் செல்லவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன்.

அட்டனிலிருந்து

பிறகு நடந்ததெல்லாம் விதிப்படிதான் நடந்தது. புதிய வெளியீட்டுக்காக வேறு எதையோ மாற்றினார்கள், அதனால் என் விசைப்பலகை வேலை செய்யாமல் போனது. திருத்துவதற்கு எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. திருத்தியதை அனுப்பத்தான் ஆள் இல்லை. குழுவின் அஞ்சலில் கேட்டேன். ஒருவர் தனக்குத் தமிழ் தெரியாது, சோதிக்க முடியாது என்று வருத்தத்தோடு எழுதினார். மற்றவர்கள் எழுதவில்லை. கட்டாருக்கு நான் எழுதியவற்றுக்குப் பதில் வர வாரக்கணக்கானது. வரும்போது, “மன்னிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி, இப்பதான் பாத்தேன்” என்றுதான் வரும். கடைசி நாள் தாண்டியது. பராமரிப்பு இல்லாத பொதி என்று நீக்கிவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனைக்கு நான் கையால் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தேன். டொரத்தி ரீச்சருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் மகேஸ்வரி அப்போது கொட்டாஞ்சேனையில் இல்லை. பதிவு, விசாரணை என்று தொல்லை கூடியதும் வேலைக்கு நின்ற வீட்டார் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். அட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் தமிழ் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்றாள்.

“என்ன சீடி போடச் சொல்றதுங்கக்கா?”

“புதுசு வருது. அதைப் போடச் சொல்லு, அதில எல்லாம் இருக்கும்” என்றேன். அப்போது இருந்தது. நீக்கியது பிறகு. அவளிடம் ஃபோன் இல்லை, அவளுடைய கடையின் பெயரும் எனக்குத் தெரியாது.

அவள் கடையிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்தபோது நான் கம்பனியில் இருந்தேன். அன்று அவளுக்கு வேலையில் முதல் நாள். அவளுக்குப் பக்கத்தில் முதலாளி நிற்பது குரலிலேயே தெரிந்தது. இறந்துபோன யாருடையவோ முப்பத்தோராம் நாள் கிரியை அழைப்பை அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

“அக்கா, தமிழு வரமாட்டேங்குதுங்கக்கா. இங்கிலீசு எழுத்தாவே வருது. நான் என்னமோ தப்பா அமுக்குறேன் போல.”

“இல்லை மகேஸ், நீ ஒண்டும் பிழையா அமுக்கேல்ல.”

“டீச்சரு சொன்ன மாதிரியேதாங்க வச்சிருக்கேன் வெரல.”

“உன்னில பிழை இல்லையடி. அந்தச் சீடியில அது இல்லை. எடுத்துப்போட்டாங்கள். நான் நாளைக்கே தபாலில வேற சீடி அனுப்புறன், முதலாளியிட்ட ஒரு கிழமை தவணை கேள்.”

நான் அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் அந்தக் கதிரையில் வேறு பிள்ளையை உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. அவள் ஃபோனை வைக்கவும் இல்லை, நான் சொன்னதை நம்பவும் இல்லை. பின்னால் முதலாளி என்னவோ கேட்டார். “இந்தா வந்துரும்ங்க” என்று அவருக்குச் சொன்னாள்.

“இருங்கக்கா” என்றாள் என்னிடம். “மொதல்லேருந்து அமுக்கிப் பாக்கிறேன்.”

விசைகளின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.